ஒரு மொழி, பதினாறு கொடிகள்

அரபு நாடுகளின் காற்பந்துக் கிண்ணப் போட்டியைப் பற்றித் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியன் ஒருவன் கட்டுரை எழுதப் புகுவது அன்பர் சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். "உமக்கும் பாலைவனத்துப் பந்தாட்டத்துக்கும் என்னையா உறவு?" என்று எங்கள் பள்ளியின் மூத்த ஆசிரியர் ஒருவர் கேட்டே விட்டார். விளையாட்டின்பால் எனக்குள்ள பற்று ஒருபுறம் இருக்கட்டும். அந்தப் போட்டியை நான் விடாது கவனித்து வருவதற்கு வேறொரு காரணம் உண்டு. அதில் மோதுகின்ற நாடுகள் யாவும் ஒரே மொழியைத் தம் மொழி என்று சொல்லிக்கொள்பவை.

மொழி ஒன்றானால் உள்ளமும் ஒன்றாகும் என்று நாம் மேடைதோறும் முழங்குகிறோம். பேச்சுப் போட்டிகளில் நம் மாணவர்களும் அதையே உணர்ச்சி பொங்கப் பேசிப் பரிசு பெறுகின்றனர். அக்கூற்று எந்த அளவுக்கு உண்மை என்று உரசிப் பார்ப்பதற்குத் தமிழுலகில் உரைகல் இல்லை. தமிழுக்கென்று இருபது நாடுகளும் இருபது கொடிகளும் இல்லை அல்லவா? அரபு மொழிக்கு உண்டு. 1945இல் கெய்ரோ நகரில் தோன்றிய அரபு நாடுகளின் கூட்டமைப்பில் இன்று 22 உறுப்பு நாடுகள் இருக்கின்றன. அவற்றுள் சோமாலியாவுக்கும் கொமொரோசுக்கும் வீட்டில் பேச வேறு மொழி இருந்தாலும், அவையும் அரபைத் தம் ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்டிருக்கின்றன. அத்தனை நாடுகளையும் ஒரு திடலுக்கு அழைத்து வரும் முயற்சிதான் அரபுக் கிண்ணம். மொழியின் ஆற்றலையும் எல்லையையும் கண்கூடாகக் காண இதைவிடத் தக்க இடம் எனக்குத் தெரியவில்லை.

2021ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் கத்தாரின் அல்-துமாமா அரங்கில் அல்ஜீரியாவும் மொராக்கோவும் காலிறுதியில் சந்தித்தன. ஆட்டம் தொடங்கியபோது நம் நாட்டில் நள்ளிரவு கடந்துவிட்டது. ஆகவே மறுநாள் பதிவாகத்தான் பார்த்தேன். அந்த இரண்டு நாடுகளும் ஆப்பிரிக்காவின் வடக்கே தோளோடு தோள் உரசிக் கிடப்பவை. மொழி ஒன்று, சமயம் ஒன்று, உணவும் உடையும்கூடப் பெரிதும் ஒன்று. எனினும் அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில்தான் அல்ஜீரியா மொராக்கோவுடனான தூதரக உறவை அடியோடு அறுத்துக்கொண்டது. செப்டம்பரில் மொராக்கோ விமானங்கள் தன் வான்வெளியில் பறக்கவும் தடை விதித்தது. தரைவழி எல்லையோ 1994 முதலே மூடிக் கிடக்கிறது. எல்லைக்கு இப்பால் பிறந்த பெண் அப்பால் வாழும் தன் அக்காளைப் பார்க்க வேண்டுமானால் மூன்றாவது நாடு ஒன்றைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

இத்தகைய இருவர் ஒரே திடலில் நின்றனர். மேலதிக நேரத்தில் அல்ஜீரியாவின் யூசுப் பெலாய்லி ஏறத்தாழ நாற்பது மீட்டர் தொலைவிலிருந்து உதைத்த பந்து, மொராக்கோக் காவலரின் தலைக்கு மேலாகச் சென்று வலைக்குள் விழுந்தது. சில நிமிடங்களில் மொராக்கோவின் பத்ர் பெனூன் தலையால் முட்டி ஆட்டத்தைச் சமன்செய்தார். இரண்டுக்கு இரண்டு என்று முடிந்த ஆட்டத்தைப் பினால்டி உதைகளில் ஐந்துக்கு மூன்று என அல்ஜீரியா வென்றது. பின்னர் இறுதியாட்டத்தில் துனீசியாவையும் வீழ்த்திக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. ஆட்டத்தின் அழகைக் காட்டிலும் என்னைச் சிந்திக்க வைத்தது வேறொன்று. தூதர்கள் ஒருவரோடொருவர் பேசுவதை நிறுத்திவிட்ட நான்காம் மாதத்தில், இருபத்திரண்டு இளைஞர்கள் இரண்டு மணி நேரம் ஒரே பந்தைச் சுற்றி ஓடினர். நடுவரிடம் முறையிட்டதும் எதிரியைச் சீண்டியதும் மொழிபெயர்ப்பாளர் யாரும் இல்லாமலேயே நடந்திருக்கும்.

'தகராறு' என்று நாம் வழங்கும் சொல் அரபு மொழியிலிருந்து பாரசீகம், உருது வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது என்பதை மாணவர்கள் அறிவார்களா? அரபில் 'தக்ரார்' என்றால் திரும்பத் திரும்பச் செய்தல் என்று பொருள். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னால் சச்சரவுதான் என்று யாரோ இடைவழியில் பொருளை மாற்றிவிட்டனர் போலும்! அரபுக் கிண்ணத்தின் வரலாற்றைப் படிக்கும்போது இரண்டு பொருளும் அங்கே பொருந்துவதைக் காண்கிறேன்.

அந்த வரலாறு 1963ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பெய்ரூத்தில் தொடங்குகிறது. லெபனான், சிரியா, ஜோர்டான், குவைத், துனீசியா என்னும் ஐந்து நாடுகளே பங்கேற்றன. துனீசியா வென்றது. அதே ஆண்டு அக்டோபரில், மேலே சொன்ன அல்ஜீரியாவும் மொராக்கோவும் எல்லைப் பாலைநிலத்துக்காக ஆயுதம் ஏந்திப் போரிட்டன என்பதையும் ஈண்டு குறிப்பிட வேண்டும். 1964இல் குவைத்திலும் 1966இல் பாக்தாதிலும் போட்டி நடந்தது. இரண்டிலும் ஈராக் வாகை சூடியது. 1967 ஜூனில் இஸ்ரேலுடன் போர் மூண்டது. பாக்தாதுக்குப் பிறகு அடுத்த கிண்ணத்துக்கு அரபு உலகம் 19 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

1985இல் சவூதி அரேபியாவின் தாயிப் நகரில் போட்டி மீண்டும் உயிர்பெற்றது. ஈரானோடு ஐந்தாண்டுகளாகப் போரில் ஈடுபட்டிருந்த ஈராக்கே அங்கும் வென்றது. 1988 ஜூலையில் ஜோர்டானின் அம்மான் நகரில் நடந்த இறுதியாட்டத்தில் ஈராக்கும் சிரியாவும் மோதின. அண்டை நாடுகள், இரண்டையும் பாத் கட்சியின் இருவேறு கிளைகள் ஆண்டன, ஆயினும் அந்தப் போரில் சிரியா, அரபு மொழி பேசாத ஈரானின் பக்கம் நின்றது. கட்சியும் மொழியும் சேர்ந்தும் ஒட்டவைக்க முடியாத இரு நாடுகள், ஒன்றுக்கு ஒன்று என்று சமநிலையில் நின்று, பினால்டியில் நாலுக்கு மூன்று என்று பிரிந்தன. ஈராக் நான்காம் முறையாகக் கிண்ணத்தை ஏந்தியது.

அடுத்த ஏடுகளில் ஈராக்கின் பெயர் இல்லை. 1990 ஆகஸ்டில் அந்நாடு குவைத்தின் மீது படையெடுத்தது. 1992இல் அலெப்போவிலும் 1998இல் தோஹாவிலும் 2002இல் குவைத்திலும் நடந்த போட்டிகளில் நான்கு முறை வாகையர் கலந்துகொள்ளவில்லை. 2002 டிசம்பர் இறுதியில் குவைத்தில் சவூதி அரேபியா கிண்ணத்தை வென்று மூன்று மாதங்கள் முடிவதற்குள், அந்தக் குவைத் மண்ணிலிருந்தே அமெரிக்கப் படைகள் ஈராக்கினுள் நுழைந்தன. 2012இல் ஜித்தாவில்தான் ஈராக் மீண்டும் தோன்றியது. வெற்றியாளர் பட்டியலை மனப்பாடம் செய்வோர் உண்டு. எனக்கோ, வராதவர்களின் பட்டியலே அதிகம் கற்பிக்கிறது. எங்கள் பள்ளியின் வருகைப் பதிவேட்டிலும் அப்படித்தான். வந்த பிள்ளைகளின் பெயருக்கு நேரே இடும் குறியைக் கண் தாண்டிச் சென்றுவிடுகிறது. வராத பிள்ளையின் கட்டத்தில்தான் நின்று, வீட்டில் என்ன ஆயிற்றோ என்று எண்ணுகிறோம்.

ஈராக் என்ற பெயரை நான் முதன்முதலாகக் கேட்டதே வராமை ஒன்றினால்தான். அப்போது எனக்குப் பத்து வயது. இரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தேன். 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கத்தில் மலேசியா தென்கொரியாவை இரண்டுக்கு ஒன்று என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக் போட்டிக்குத் தகுதி பெற்றது. தோட்டத்து மளிகைக் கடையின் வானொலியைச் சுற்றி ஆடவர் கூட்டம் மொய்த்திருந்தது. மொக்தார் டஹாரியும் சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும் எல்லாருக்கும் உறவினர்போல் இருந்தனர். கோல் காவலர் ஆறுமுகமோ எங்கள் லயத்திலேயே பிறந்தவர் என்று சாதிக்காத குறைதான்! ஆனால் ஆப்கானிஸ்தானில் சோவியத் படைகள் புகுந்ததைக் கண்டித்து நம் நாடு அவ்வொலிம்பிக்கைப் புறக்கணித்தது. நம் குழு புறப்படவே இல்லை. நமக்குரிய இடம் ஈராக்குக்குத் தரப்பட்டது. 2016இல் வந்த 'ஓலா போலா' என்னும் படத்தைப் பார்த்த இக்கால இளைஞர்கள் அந்த ஏமாற்றத்தின் ஒரு சிறு பகுதியை உணர்ந்திருக்கலாம்.

நம் இடத்தைப் பிடித்துக்கொண்டவர்கள் என்று அந்தப் பெயர் தெரியாத வீரர்கள் மீது எனக்கு அளவற்ற சினம். அவர்கள் மாஸ்கோவில் காலிறுதி வரை சென்றனர். ஊர் திரும்பிய அடுத்த மாதமே, 1980 செப்டம்பரில், ஈரானுடன் போர் தொடங்கியது. அது எட்டாண்டுகள் நீண்டது. நம் வீரர்கள் வீட்டில் இருந்தனர். அவர்கள் போர்க்களமான நாட்டில் பந்தாடினர். யாருடைய இடத்தை யார் பிடித்துக்கொண்டார்கள் என்ற கணக்கை நான் பிற்காலத்தில் வேறு விதமாகப் போடக் கற்றுக்கொண்டேன்.

மொழிக்கு வருவோம். அரபு மொழி ஒன்றுதான் என்று சொல்வது எளிது. ஏட்டில் எழுதும் அரபு, செய்தியிலும் மேடையிலும் ஒலிக்கும் அரபு, பாக்தாதிலிருந்து கசபிளாங்கா வரை ஒன்றே. வீட்டில் பேசும் அரபு அவ்வாறன்று. 'இப்போது' என்பதற்கு ஏட்டு வழக்கு 'அல்-ஆன்' என்னும். எகிப்தியர் 'தில்வக்தி' என்பர். சிரியரும் லெபனானியரும் 'ஹல்லா' என்பர். மொராக்கோ நாட்டவர் 'தாபா' என்பர். எகிப்தியர் சொல்லுக்குள் மறைந்திருக்கும் 'வக்து' என்னும் பகுதியை நம் பிள்ளைகள் மலாய் மொழிப் பாடத்தில் காலம் என்னும் பொருளில் நாள்தோறும் எழுதுகின்றனர் என்பது தனிச் சுவை. மொராக்கோ நாட்டான் ஒருவன் தன் வீட்டு மொழியில் விரைந்து பேசினால் வளைகுடா நாட்டான் திகைத்து நிற்பான். இரட்டை வழக்கு என்று மொழியியலார் குறிப்பிடும் இந்நிலை தமிழுக்கும் உரியது என்பதை ஆசிரியர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. செந்தமிழில் கட்டுரை எழுதச் சொல்லிவிட்டு, ஓய்வு வேளையில் 'இங்க வாடா' என்று அழைப்பவர்கள்தாமே நாம்!

2025 டிசம்பர் 18ஆம் நாள் லுசைல் அரங்கில் நடந்த இறுதியாட்டத்தை இந்தக் கண்ணோடு பார்த்தேன். ஒருபுறம் மொராக்கோ, மறுபுறம் ஜோர்டான். ஜோர்டான் குழுவின் பயிற்றுநர் ஜமால் செல்லாமியோ மொராக்கோ நாட்டவர். தம் சொந்த நாட்டை வீழ்த்தும் வழியை அயல்நாட்டு இளைஞர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பு அவருக்கு. நான்காம் நிமிடத்திலேயே மொராக்கோவின் உசாமா தன்னான் தம் பாதித் திடலிலிருந்து உதைத்த பந்து ஜோர்டான் வலைக்குள் புகுந்தது. ஜோர்டான் தளரவில்லை. அலி ஒல்வான் இரண்டு கோல்கள் அடித்துத் தம் குழுவை முன்னிறுத்தினார். ஆட்டம் முடியும் தறுவாயில் மொராக்கோ சமன்செய்து, மேலதிக நேரத்தில் மூன்றுக்கு இரண்டு என்று வென்றது. இடைவேளையில் செல்லாமி தம் வீரர்களிடம் எந்த அரபில் பேசியிருப்பார் என்று எனக்குள் ஒரு கேள்வி. ஏட்டு அரபில் அறிவுரை கூறியிருந்தால் செய்தி வாசிப்பதுபோல் இருந்திருக்கும். தம் தாய் கற்பித்த வழக்கில் பேசியிருந்தால் பாதி விளங்கியிராது. அவர் தம் வழக்கைச் சற்று வளைத்து, அவர்களும் தம் செவியைச் சற்று வளைத்து, இடையில் எங்கோ சந்தித்திருப்பர். தமிழகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தவர்களோடு நாம் பேசும்போது நிகழ்வதும் அதுவேயன்றோ?

இப்போட்டியைப் பற்றிக் குறை சொல்லவும் இடமுண்டு. ஐரோப்பியக் கழகங்களில் ஆடும் முன்னணி வீரர்கள் பெரும்பாலும் இதற்கு வருவதில்லை, கழகங்கள் விடுவதில்லை. 2021இல் ஃபிஃபா முதன்முறையாக இதைத் தன் பொறுப்பில் நடத்தியது அரபு மொழியின்மீது கொண்ட காதலால் அன்று. மறு ஆண்டு நடக்கவிருந்த உலகக் கிண்ணத்துக்கு ஓர் ஒத்திகை தேவைப்பட்டது. செல்வம் கொழிக்கும் கத்தார் எழுப்பிய அந்த ஒளிமிகு அரங்குகளில் தெற்காசியத் தொழிலாளர்களின் வியர்வை கலந்திருக்கிறது. அவர்களுள் தமிழ் பேசியோரும் உண்டு. வெற்றிக் கூச்சலில் அவர்களுடைய மொழி கேட்பதில்லை. இத்தனையையும் அறிந்தே நான் இப்போட்டியை மதிக்கிறேன். அதற்குக் காரணம் ஒரு குழு.

பாலஸ்தீனம் 1966இலேயே பாக்தாத் போட்டியில் ஆடியது. ஃபிஃபா அதை உறுப்பினராக ஏற்றதோ 1998இல். உலகம் கதவைத் திறப்பதற்கு 32 ஆண்டுகள் முன்னரே, ஒரே மொழி பேசுவோர் தம் பந்தியில் அதற்கு இலை போட்டிருந்தனர். யெருசலேம் நகரை அடுத்த அல்-ராம் என்னும் ஊரில் பைசல் அல்-ஹுசைனி அரங்கம் உள்ளது. 2008 அக்டோபரில் பாலஸ்தீனக் குழு அங்கே ஜோர்டானை எதிர்கொண்டு ஒன்றுக்கு ஒன்று என்று சமன் கண்டது. சொந்த மண்ணில் அது ஆடிய முதல் பன்னாட்டு ஆட்டம் அதுவே. ஆயினும் விருந்துக்கு அழைத்தவர் வீட்டுக்கு எல்லா உறவினரும் வந்துவிடவில்லை. 2015இல் சவூதி அரேபியக் குழு அங்கே வர மறுத்தது. இஸ்ரேலியக் கட்டுப்பாட்டிலுள்ள எல்லையைக் கடந்தால்தான் அவ்வூரை அடைய முடியும். கடப்பது இஸ்ரேலை ஏற்பதாகிவிடும் என்பது அவர்கள் வாதம். ஆட்டம் அம்மானுக்கு மாற்றப்பட்டது. 2019 அக்டோபரில் அதே சவூதிக் குழு மனம் மாறி அல்-ராம் வந்து ஆடியது. இருபுறமும் கோல் விழவில்லை. கோல் விழாத ஆட்டங்களைச் சலிப்பூட்டுபவை என்று தள்ளும் வழக்கம் எனக்கும் உண்டு. அந்த ஆட்டத்தை அப்படித் தள்ள மனம் வரவில்லை.

2023 அக்டோபரில் காஸாவில் போர் மூண்டபின் பாலஸ்தீனத்தார் தம் தாயக ஆட்டங்களை அயல்நாடுகளில் ஆடலாயினர். 2024 செப்டம்பர் 10ஆம் நாள் அத்தகைய தாயக ஆட்டம் ஒன்று நம் கோலாலம்பூரில் நடந்தது. உலகக் கிண்ணத் தகுதிச் சுற்று அது. எதிரே நின்றது மீண்டும் ஜோர்டான். 2008இல் அல்-ராமில் சந்தித்த அதே இரு நாடுகள், பதினாறு ஆண்டுகள் கழித்து, அத்தனை கடல்களைத் தாண்டி வந்து செராஸ் வட்டாரத்தில் சந்தித்தன. ஜோர்டான் மூன்றுக்கு ஒன்று என்று வென்றது. ஜோர்டான் மக்களுள் பாலஸ்தீன வழிவந்தோர் மிகப் பலர் என்பதால், யார் யாரைத் தோற்கடித்தனர் என்று சொல்வது அவ்வளவு எளிதன்று.

2025ஆம் ஆண்டு அரபுக் கிண்ணத்தில் பாலஸ்தீனம் முதன்மைச் சுற்றுக்கு நேரே அழைக்கப்படவில்லை. தகுதி ஆட்டத்தில் லிபியாவைப் பினால்டியில் வென்றே உள்ளே நுழைந்தது. தொடக்க நாளில், போட்டியை நடத்தும் கத்தாரையே கடைசி நிமிடங்களில் ஒன்றுக்குச் சுழியம் என்று வென்றது. துனீசியாவுக்கு எதிராக இரண்டு கோல்கள் பின்தங்கியிருந்தும் இரண்டையும் திருப்பியது. இறுதியாகச் சிரியாவோடு கோல் எதுவுமின்றிச் சமன் காண, இரண்டு நாடுகளும் கைகோத்தாற்போல் காலிறுதிக்குச் சென்றன. பதின்மூன்று ஆண்டுப் போரில் சிதைந்த நாடு ஒன்று. போர் இன்னும் நெஞ்சில் எரியும் நாடு மற்றொன்று. துனீசியாவும் கத்தாரும் வீட்டுக்குத் திரும்பின. காலிறுதியில் பாலஸ்தீனத்தை எதிர்கொண்டது சவூதி அரேபியா. மேலதிக நேரம் முடியும் வேளையில் விழுந்த கோலினால் இரண்டுக்கு ஒன்று என்று பாலஸ்தீனம் தோற்றது.

அந்த வாரத்தில் ஒரு நாள், பள்ளித் திடலில் பந்தாடிக் களைத்த ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் என் அறைவாசலில் வந்து நின்றான். அவன் தந்தை போட்டியைக் கைப்பேசியில் பார்த்திருக்கிறார். அவனும் உடனிருந்து பார்த்திருக்கிறான்.

"ஐயா, தோத்துப் போன பாலஸ்தீனம் எந்தத் திடலில் பயிற்சி செய்வாங்க? அவங்க திடல் எங்க இருக்கு?"

தாழ்வாரத்துச் சுவரில் தொங்கும் உலக வரைபடத்தின் முன் அவனை அழைத்துச் சென்றேன். பழைய படம், ஓரங்கள் சுருண்டவை. யெருசலேம் என்ற எழுத்துகள் மட்டும் அதில் இருந்தன. அல்-ராம் இல்லை. அவ்வளவு சிறிய ஊரைக் காட்டும் அளவில் வரைந்த படம் அதுவன்று. பையன் தன் சட்டைப்பையிலிருந்த பென்சிலை எடுத்து நீட்டினான். யெருசலேமுக்குச் சற்று வடக்கே ஒரு புள்ளி வைத்தேன். பெயரை எழுத நிலத்தில் இடம் போதவில்லை. ஆகவே மத்தியதரைக் கடலின் நீலத்தில் 'அல்-ராம்' என்று தமிழில் எழுதி, கோடு ஒன்றால் அந்தப் புள்ளியோடு இணைத்தேன். அவன் எழுத்துக் கூட்டி ஒருமுறை படித்துப் பார்த்தான். பென்சிலை வாங்கிக்கொண்டு மீண்டும் திடலுக்கு ஓடினான்.